உள்ளூர் அணியின் செய்தி பத்திரிகையில் வர: முழுமையான வழிகாட்டி

காலை நாளிதழின் விளையாட்டுப் பக்கம் முந்தைய நாள் இரவே முடிந்துவிடும். செய்தி முகமைகள் அனுப்பிய பெரிய ஆட்டங்கள் மேல்பாதியைப் பிடித்துக்கொள்ளும். அடியில் விளம்பரம். நடுவே இரண்டு பத்தி அகலமும் ஒரு சாண் உயரமும் காலியாகக் கிடக்கும். அதை நிரப்பத் துணை ஆசிரியருக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. அவர் முன்னால் ஐந்து அணிகள் அனுப்பியவை வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் ஸ்கோரே இல்லை. இன்னொன்றில் ஜெயித்தது யார் என்பது நான்காவது பத்தியில்தான் தெரிகிறது. மூன்றாவதில் கோப்பையோடு முப்பது பேர் நிற்கும் மங்கலான படம், பெயர்கள் கிடையாது. நான்காவது, திறந்தால் எழுத்துகள் கட்டம் கட்டமாக வரும் கோப்பு. ஐந்தாவதை அப்படியே எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடலாம். மறுநாள் அச்சில் வருவது அந்த ஐந்தாவதுதான், அது ஐந்தில் மோசமான அணியாகவே இருந்தாலும்.

'அங்கே நமக்கு ஆள் இல்லை, அதனால்தான் போடுவதில்லை' என்று பல அணிகள் நினைத்துக்கொள்கின்றன. ஆள் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் டெஸ்க்கில் (செய்திகளைத் திருத்திப் பக்கம் அமைக்கும் பிரிவில்) இருப்பவரின் வேலையைக் குறைக்கும் அணிக்குத்தான் இடம் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான்.

## ஒரே ஒரு தொடர்பாளர்

முதலில் ஓர் ஆளை நியமியுங்கள். கேப்டனும் பயிற்சியாளரும் வேண்டாம். ஆட்டம் முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் செய்தி எழுதியாக வேண்டும். அப்போது அவர்கள் இருவரும் வேறு வேலையில் இருப்பார்கள். ஆடாத ஒருவர், எழுத்துப் பிழை பார்க்கத் தெரிந்தவர், போன் வந்தால் எடுப்பவர் போதும். வெளியூர் போகும் நாளுக்கு மாற்றாள் ஒருவர்.

இரண்டு பேர் தனித்தனியாக அனுப்பினால் ஒருவர் 3-1 என்பார், மற்றவர் 3-2 என்பார். அதைச் சரிபார்க்க நிருபருக்கு நேரம் இருக்காது. இரண்டையும் தள்ளிவிடுவார். அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்ததும் தயங்குவார்.

தொடர்பாளரிடம் எப்போதும் இருக்க வேண்டியவை: வீரர் பட்டியல் (முழுப் பெயர், முதலெழுத்து, வயது, ஆடும் இடம், சட்டை எண், தொழில் அல்லது படிப்பு), சீசன் அட்டவணை, இதுவரையிலான முடிவுகள், அணி தொடங்கிய ஆண்டு, முன்பு வென்றவை. இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். நிருபர் இரவு எட்டரைக்கு அழைத்து 'கோல்கீப்பர் முதலெழுத்து என்ன?' என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் போக வேண்டும்.

பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் மட்டும் அனுப்பினால் பாலன் பலன் ஆவார், கலா காலா ஆவார். ல, ள, ழ மூன்றுக்கும் டெஸ்க்கில் குலுக்கல்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முதலெழுத்தைக் கட்டாயம் போடுங்கள். தன் பெயர் தப்பாக வந்த வீரர் அந்தப் பத்திரிகையை வெட்டி வைக்க மாட்டார்.

## யாருக்கு அனுப்புவது

இரண்டு வாரம் எல்லா உள்ளூர்ப் பத்திரிகைகளையும் வாங்கிப் படியுங்கள். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. அமெச்சூர் அணிகளின் செய்தி பல இதழ்களில் ஊர்ச் செய்திப் பக்கத்தில்தான் வருகிறது. விளையாட்டு டெஸ்க்குக்கு அனுப்பிய செய்தி அங்கேயே கிடந்து செத்துப்போவதற்குப் பெரிய காரணம் இதுதான். எந்தக் கிழமையில் உள்ளூர் ஆட்டங்கள் வருகின்றன, எத்தனை வரி, படம் எத்தனை பத்தி அகலம், யார் பெயரில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் படித்த பிறகு பட்டியல் போடுங்கள். ஒவ்வோர் இதழுக்கும் ஐந்து தகவல்கள் வேண்டும்: பகுதி நிருபர், டெஸ்க்கின் பொது மின்னஞ்சல், அலுவலகத் தொலைபேசி, எந்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும், எந்த வழியாக அனுப்பினால் அவர்களுக்கு வசதி. கடைசி இரண்டும் வெளியிலிருந்து தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்வியையே முதல் அறிமுகமாக வைத்துக்கொள்ளலாம். 'எங்கள் அணி முடிவுகளை அனுப்ப நினைக்கிறோம். ஞாயிறு ஆட்டத்துக்கு எத்தனை மணிக்குள் வந்தால் உங்களுக்குச் சரியாக இருக்கும்?' என்று கேட்பவரை நிருபர் மறக்க மாட்டார், ஏனென்றால் அப்படிக் கேட்பவர்கள் குறைவு.

பகுதி நிருபர்களில் பலர் முழு நேர ஊழியர்கள் அல்ல. வெளியாகும் செய்திக்கு இவ்வளவு என்று வாங்குபவர்களும் உண்டு. அவர்களுக்கு உங்கள் செய்தி தொந்தரவு இல்லை, வேலை. அதனால் நிருபருக்கும் டெஸ்க்குக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும்போது அதை நிருபரிடம் சொல்லிவிடுங்கள். தன்னைத் தாண்டிப் போனதாக அவர் நினைத்தால் உறவு முதல் வாரத்திலேயே கசந்துவிடும்.

நிருபரும் ஆசிரியரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு சீசன் தொடங்கும் முன்பும் பட்டியலை ஒரு முறை போன் போட்டுச் சரிபாருங்கள்.

## எது செய்தி, எது இல்லை

நீங்கள் ஜெயித்தது உங்களுக்குச் செய்தி. உங்கள் அணியை அறியாத வாசகருக்கு அது ஒரு ஸ்கோர், அவ்வளவுதான். டெஸ்க் கேட்பது 'இதில் என்ன புதுசு?' என்ற ஒன்றைத்தான். முதல் முறை, இத்தனை ஆண்டுக்குப் பிறகு, கடைசி நிமிடம், இளையவர், மூத்தவர், தொடர்ந்து ஏழாவது, எதிர்பாராதது. இவற்றில் ஒன்றாவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆட்டத்துக்கு வெளியே இருப்பது பல சமயம் ஆட்டத்தைவிடப் பெரிய செய்தி. இரவுப் பணி முடித்துவிட்டு நேராக மைதானத்துக்கு வரும் செவிலியர், ஒரே அணியில் ஆடும் தாயும் மகளும், காயத்தால் இரண்டு ஆண்டு ஆடாமலிருந்து திரும்பியவர், நாற்பது ஆண்டுகளாக ஸ்கோர் எழுதும் பெரியவர். இவை அவசரச் செய்திகள் அல்ல. வாரத்தின் நடுவில், பக்கம் காய்ந்து கிடக்கும் நாளில் எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு இப்படிக் கையிருப்பில் வைத்திருங்கள். சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிடுங்கள். நிருபர் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகு அவர் 'வேண்டாம்' என்று சொன்னால் போனது உங்கள் பெயர்.

செய்தி ஆகாதவையும் உண்டு: புதிய சீருடை, நிர்வாகிகள் தேர்வு, ஆதரவாளருக்குப் பொன்னாடை. இவற்றுக்காக நிருபரை அழைத்தால் அடுத்த அழைப்பை அவர் எடுக்காமல் போகலாம். கூட்டம் நடந்தது என்று ஒரு வரி அனுப்பி வைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம், பெரும்பாலான அணிகள் தவறுவது: தோல்வியையும் அனுப்புங்கள். வெற்றியை மட்டும் அனுப்பும் அணி விளம்பரம் தேடுகிறது என்று டெஸ்க் முடிவு கட்டிவிடும். எல்லா வாரமும் அதே நேரத்தில் முடிவு வந்தால், அந்த இடத்தை அவர்களே உங்களுக்காக ஒதுக்கத் தொடங்குவார்கள். தோற்ற வாரம் மௌனமாக இருந்தால் எதிரணி அனுப்பியது மட்டும் வரும், அதில் உங்கள் வீரர் அடித்த அரைசதம் இருக்காது.

## செய்திக்குறிப்பு எழுதும் முறை

150 முதல் 200 சொற்கள். அதற்கு மேல் எழுதியதை யாரோ வெட்டத்தான் போகிறார்கள். வெட்டும்போது அடியிலிருந்துதான் வெட்டுவார்கள், ஆகவே முக்கியமானது மேலே இருக்க வேண்டும். யார், யாரை, எந்தப் போட்டியில், என்ன கணக்கில், எங்கே, எப்போது. இவ்வளவும் முதல் இரண்டு வாக்கியத்துக்குள். எழுதி முடித்ததும் முதல் பத்தியைத் தவிர மற்றதைக் கையால் மூடிப் படியுங்கள். அதுவே முழுச் செய்தியாக நிற்கிறதா? நின்றால் சரி.

கிரிக்கெட் ஆட்டம் ஒன்றுக்கு ஒரு மாதிரி:

*கடைசி ஓவரில் வெற்றி: அரையிறுதியில் (அணி)*

*(போட்டியின் பெயர்) கிரிக்கெட் தொடரின் காலிறுதியில் (அணி) 3 விக்கெட் வித்தியாசத்தில் (எதிரணி)யை வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. (மைதானம்) மைதானத்தில் (தேதி, கிழமை) நடந்த இந்த ஆட்டத்தில் முதலில் ஆடிய (எதிரணி) 20 ஓவரில் 8 விக்கெட் இழப்புக்கு 141 ரன் எடுத்தது. (பந்துவீச்சாளர்) 4 ஓவரில் 22 ரன் கொடுத்து 3 விக்கெட் வீழ்த்தினார். அடுத்து ஆடிய (அணி) 19.4 ஓவரில் 7 விக்கெட் இழப்புக்கு 142 ரன் எடுத்தது. (பேட்ஸ்மேன்) 41 பந்தில் 58 ரன் எடுத்து கடைசி வரை ஆட்டமிழக்காமல் நின்றார். அரையிறுதியில் (அணி), (தேதி, கிழமை, நேரம்) (மைதானம்) மைதானத்தில் (அடுத்த எதிரணி)யைச் சந்திக்கிறது.*

இதில் 'அபாரம்', 'அதிரடி', 'சூறாவளி' எதுவும் இல்லை. அந்தச் சொற்கள் வேண்டுமென்றால் துணை ஆசிரியர் அவராகவே சேர்த்துக்கொள்வார். அதில் அவருக்குக் கைப்பழக்கம் அதிகம். நீங்கள் சேர்த்தால் அவற்றை எடுப்பது அவருக்குக் கூடுதல் வேலை.

'நேற்று', 'இன்று', 'நாளை' எழுதவே வேண்டாம். நீங்கள் எழுதும் நாள் வேறு, பத்திரிகை வாசகர் கையில் கிடைக்கும் நாள் வேறு. தேதியும் கிழமையும் எழுதுங்கள், இரண்டும் பொருந்துகின்றனவா என்று நாள்காட்டியில் பாருங்கள். ஞாயிறு என்று எழுதி சனிக்கிழமையின் தேதியைப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அப்படி வந்தால் எதை நம்புவது என்று தெரியாமல் அறிவிப்பையே விட்டுவிடுவார்கள்.

மேற்கோள் ஒன்று போதும். பயிற்சியாளர் 'வீரர்கள் நன்றாக ஆடினார்கள், அனைவருக்கும் நன்றி' என்று சொன்னதை யாரும் அச்சிட மாட்டார்கள். ஆட்டத்தில் நடந்த ஒன்றை விளக்கும் வாக்கியம் வேண்டும்: 'இடைவேளைக்குப் பிறகு எதிரணியின் இடது பக்கம் தளர்ந்துவிட்டது தெரிந்தது, அந்தப் பக்கமே பந்தைக் கொண்டுபோகச் சொன்னேன்.' அவர் சொல்லாததை நீங்களாக எழுதி அவர் வாயில் வைக்காதீர்கள். நிருபர் அவரையே அழைத்துக் கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

குறிப்பின் அடியில் தொடர்பாளர் பெயரும் கைபேசி எண்ணும். அந்த எண் இரவு பத்து வரை உயிரோடு இருக்க வேண்டும்.

## ஸ்கோர் எழுதுவதில் வரும் தவறுகள்

ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் எழுத்து மரபு உண்டு. அதில் பிழை இருந்தால், ஆட்டம் தெரிந்த துணை ஆசிரியர் மற்ற தகவல்களையும் சந்தேகப்படுவார்.

கிரிக்கெட்டில் முதலில் ஆடிய அணி ஜெயித்தால் ரன் வித்தியாசம், துரத்திய அணி ஜெயித்தால் மீதமிருந்த விக்கெட் வித்தியாசம். 19.4 ஓவர் என்றால் 19 ஓவரும் 4 பந்தும். அதைத் தசம எண்ணாக எடுத்து யாராவது சராசரி போட்டால் கணக்கு கெட்டுவிடும். பந்துவீச்சுக் கணக்கு 4-0-22-3 என்பது ஓவர், மெய்டன் (ரன் கொடுக்காத ஓவர்), ரன், விக்கெட் என்ற வரிசை. சில நாடுகளில் விக்கெட்டை முன்னால் எழுதும் வழக்கம் இருப்பதால், '8 விக்கெட் இழப்புக்கு 141' என்று சொல்லால் எழுதிவிட்டால் குழப்பமே வராது.

கால்பந்திலும் ஹாக்கியிலும் கோல் அடித்தவர் பெயரும் நிமிடமும் வேண்டும். கால்பந்தில் 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்க்கும் நேரத்தில் விழுந்ததை 90+2 என்று எழுதுங்கள். பெனால்டி ஷூட் அவுட்டில் முடிந்தால் ஆட்ட ஸ்கோரையும் ஷூட் அவுட் ஸ்கோரையும் பிரித்து, '1-1. ஷூட் அவுட்டில் 4-3' என்று. இரண்டையும் கூட்டி 5-4 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாலிபாலில் 3-2 மட்டும் எழுதினால் ஆட்டம் எப்படிப் போனது என்று தெரியாது. ஒவ்வொரு செட்டும் வேண்டும்: 25-21, 22-25, 25-18, 23-25, 15-12. கடைசி செட் 15 புள்ளிக்குத்தான். பேட்மிண்டனில் இரட்டையர் என்றால் நான்கு பெயரும். எந்த ஆட்டமானாலும் வென்ற அணியின் எண்ணை முன்னால் எழுதுவதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தடகளத்தில் 'சாதனை' என்ற சொல்லைத் தொடும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். கையால் இயக்கும் ஸ்டாப்வாட்சில் எடுத்த நேரம் பத்தில் ஒரு நொடி வரைதான். நூறில் ஒரு நொடி மின்னணுக் கருவிக்கு உரியது. 100, 200 மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதலிலும் பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அது சாதனைக் கணக்கில் சேராது. போட்டிச் சாதனையா, மாவட்டச் சாதனையா, அணிக்குள் சாதனையா என்று துல்லியமாகச் சொல்லுங்கள். 'சாதனை' என்று அச்சில் வந்து, மறுநாள் வேறு ஊரிலிருந்து ஒருவர் பழைய சான்றிதழோடு போன் செய்தால் நிருபர் தலையில்தான் விழும்.

## படம்

வெறும் எழுத்து மூன்று செ.மீ. இடம் பிடிக்கும் இடத்தில், நல்ல படம் அதை நான்கு மடங்காக்கிவிடும். படம்தான் பக்கத்தின் அமைப்பை முடிவு செய்கிறது. அதனால் செய்திக்குச் செலவழிக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு இதற்குச் செலவழிக்கலாம்.

எந்தப் படம்? ஆட்டத்தின் நடுவே எடுத்தது. இரண்டு அல்லது மூன்று பேர், பந்து, முகங்கள் தெரிய வேண்டும். முதுகு மட்டும் தெரியும் படத்தை எவ்வளவு நல்ல தருணமானாலும் ஒதுக்குங்கள். இறுதிப் போட்டிக்கு மட்டும் கோப்பையோடு குழுப்படம் செல்லும், அதிலும் வரிசையில் நிற்கும் விருந்தினர்களைக் குறையுங்கள். முப்பது பேர் நிற்கும் படம் இரண்டு பத்தி அகலத்தில் அச்சானால் ஒவ்வொரு முகமும் மிளகளவுதான் இருக்கும்.

அளவுக் கணக்கு எளிது. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள் (செய்தித்தாளின் காகிதத்துக்கு 200 கூடப் போதும்). 12 செ.மீ. அகலப் படத்துக்கு ஏறத்தாழ 1400 பிக்சல் வேண்டும்; 24 செ.மீ.க்கு 2800. நீளமான பக்கம் 3000 பிக்சல் இருந்தால் எந்த இடத்துக்கும் பொருந்தும். 12 மெகாபிக்சல் கைபேசி 4000 × 3000 தருவதால் கருவி ஒரு தடையே இல்லை. தடை வருவது அனுப்பும்போது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் அசல் அளவிலேயே போகும். பேஸ்புக்கிலிருந்தோ ஸ்டேட்டஸிலிருந்தோ இறக்கிய படம், திரைப்பிடிப்பு இரண்டும் அச்சுக்கு உதவாது. கோப்பு ஜேபெக்காக இருக்கட்டும். ஐபோன் பொதுவாக எச்.இ.ஐ.சி. வடிவில் சேமிக்கும், எல்லா அலுவலகக் கணினியிலும் அது திறக்காது. அமைப்பில் மாற்றிவிடுங்கள்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. வெயிலில் ஷட்டர் வேகம் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குறைந்தபட்சம் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்குக் கீழே போனால் கையும் பந்தும் கலங்கிவிடும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். உள்ளரங்கில் வெளிச்சம் குறைவு, ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) 1600-லிருந்து 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கும். கொஞ்சம் மணல் தூவியது போல வந்தாலும் பரவாயில்லை, கலங்கிய படத்தைவிட அது மேல். உள்ளரங்கப் படங்களில் ஒன்று பிரகாசமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் வருவதற்குக் காரணம் விளக்குகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், வேகமான ஷட்டர் அந்தத் துடிப்பின் ஏதோ ஒரு நொடித் துணுக்கைப் பிடித்துவிடும். கேமராவில் துடிப்புத் தடுப்பு வசதி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள். ஆட்டக்காரர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கவே கூடாது.

கைபேசியில் டிஜிட்டல் ஜூம் வேண்டாம், அது பிக்சலை வெட்டி ஊதுவதுதான். நீங்களே நகர்ந்து நெருங்குங்கள். கால்பந்தில் கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டிலும், வாலிபாலில் வலையின் எதிர்ப்பக்கத்திலும் நின்றால் முகங்கள் கிடைக்கும்.

படத்தின் மேல் அணி முத்திரை, ஆதரவாளர் பெயர், புகைப்படக்காரர் வாட்டர்மார்க், தேதி எதுவும் அச்சாகியிருக்கக் கூடாது. நிற வடிகட்டியும் வேண்டாம். புகைப்படக்காரர் பெயரைப் படவிளக்கத்தில் எழுதி, வெளியிட அவர் அனுமதித்திருக்கிறார் என்று ஒரு வரி சேருங்கள்.

படவிளக்கம் இல்லாத படம் பாதிப் படம். இடமிருந்து வலமாகப் பெயர்கள், என்ன நடக்கிறது, எந்த ஆட்டம், தேதி. அதை மின்னஞ்சலில் எழுதுங்கள், கோப்பின் பெயரிலும் தேதியும் அணியும் இருக்கட்டும். நூறு படங்களுக்கு நடுவே 'படம் 4471' என்று இருப்பதை யாரும் தேட மாட்டார்கள்.

ஒரு செய்திக்கு இரண்டு மூன்று படம் போதும். போட்டிப் பத்திரிகைகள் இரண்டுக்கும் ஒரே படத்தை அனுப்பாதீர்கள். மறுநாள் இரண்டிலும் அதே படம் வந்தால் இரு ஆசிரியர்களும் முகம் சுளிப்பார்கள். ஒரே ஆட்டத்திலிருந்து வேறு வேறு படங்கள் தருவது பெரிய வேலையும் இல்லை.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் ஆடும் அணி என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் சீசன் தொடக்கத்திலேயே வாங்குங்கள். சம்மதிக்காத பிள்ளைகளின் பட்டியல் படம் எடுப்பவர் கையில் இருக்க வேண்டும். முகவரி, பயிற்சிக்குப் போய்வரும் நேரம் போன்றவற்றைச் செய்தியில் சேர்க்காதீர்கள்.

## அனுப்பும் நேரமும் வழியும்

சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது: அறிமுகக் குறிப்பும் அட்டவணையும். முக்கிய ஆட்டத்துக்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்: முன்னோட்டம். ஆட்டத்துக்கு முந்தைய நாள்: இரண்டு வரி நினைவூட்டல். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்: முடிவு. வார இதழ் பக்கங்கள் வெளியாவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மூடிவிடும், மாத இதழ்களுக்கு ஆறு எட்டு வாரம் முன்பே சொல்ல வேண்டியிருக்கும். மாலை நாளிதழின் பக்கம் காலையிலேயே முடிவதால், ஞாயிறு ஆட்டத்தை ஞாயிறு இரவே அனுப்பி வைத்தால்தான் திங்கள் மாலையில் வரும்.

ஒரு மணி நேரத்துக்குள் எழுத முடியாது என்று தோன்றினால், பாதியை ஆட்டத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள். போட்டிப் பெயர், மைதானம், தேதி, எதிரணி, அடுத்த ஆட்டத்தின் இரண்டு சாத்தியங்கள் எல்லாம் முதலிலேயே தெரிந்தவை. ஆட்டம் முடிந்ததும் எண்களையும் பெயர்களையும் நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. எண்களை அதிகாரபூர்வ ஸ்கோர் தாளிலிருந்து எடுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம்.

செய்தியை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டுங்கள், யூனிகோட் எழுத்தில். பி.டி.எஃப். வேண்டாம்: அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி 'கொடி' என்பது வேறு ஏதோ ஆகிவிடும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது வேறு கணினியில் வெறும் குறிகளாகத் தெரியும். கையால் எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்பினால் யாரோ அதை மறுபடி தட்ட வேண்டும், அந்த 'யாரோ' அன்றிரவு இருக்க மாட்டார்.

தலைப்பு வரி செய்தியாக இருக்கட்டும். 'பிரஸ் ரிலீஸ்', 'வணக்கம் ஐயா', 'அவசரம்' என்பவற்றுக்குப் பதில், 'முடிவு: காலிறுதி, (அணி) 3 விக்கெட் வெற்றி, 2 படம்'. எல்லா ஆசிரியர்களையும் ஒரே மின்னஞ்சலில் வெளிப்படையாக வரிசைப்படுத்தாதீர்கள், தனித்தனியாக அனுப்புங்கள்.

## போன் செய்வது

அனுப்பியதும் 'வந்ததா?' என்று கேட்பதைப்போல நிருபரை எரிச்சலூட்டுவது வேறில்லை. சாதாரண முடிவுக்கு அழைக்கவே வேண்டாம். முன்னோட்டம், நேரில் வர அழைப்பது, பெரிய செய்தி இவற்றுக்கு மட்டும் அழைக்கலாம். காலை நாளிதழ் என்றால் முற்பகலில். மாலை ஐந்துக்கு மேல் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது பேசினால் நீங்கள் சொன்னது எதுவும் காதில் ஏறாது.

முதல் வாக்கியத்தில் யார் நீங்கள், எந்த அணி. இரண்டாவதில் என்ன செய்தி. மூன்றாவதில் 'இப்போது பேசலாமா, பிறகு அழைக்கட்டுமா?' அரை நிமிடத்துக்குள் முடியும். போடவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டாம். இரண்டு மூன்று முறை தொடர்ந்து வரவில்லை என்றால், 'எங்கள் குறிப்பில் ஏதாவது மாற்றினால் உங்களுக்கு வசதியா?' என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்.

பணமோ பரிசோ கொடுத்துச் செய்தி வாங்க முயலாதீர்கள். நேர்மையான நிருபர் விலகிவிடுவார், மற்றவர் ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பார். விளம்பரப் பிரிவில் பேசி விளம்பரம் கொடுத்தால் அது விளம்பரமாகவே வரட்டும். அதைக் காட்டிச் செய்தி டெஸ்க்கை நெருக்காதீர்கள்.

## நிருபர் மைதானத்துக்கு வரும் நாள்

அவர் இரண்டு மணி நேரம் உட்கார மாட்டார். வரும் நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்தில் ஆட்டம் நடக்கும்படி பாருங்கள். தொடக்க விழா, வரவேற்புரை, நன்றியுரை என்று முதல் ஒன்றரை மணி நேரம் போய்விட்டால் புகைப்படக்காரர் மேடைப் படத்தோடு கிளம்பிவிடுவார், மறுநாள் வருவதும் அந்த மேடைதான்.

சட்டை எண்ணோடு இரு அணிப் பட்டியலும் தாளில் தயாராக இருக்கட்டும், எதிரணியுடையதும். நிழலில் ஒரு நாற்காலி, கைபேசி ஏற்ற ஒரு பிளக், குடிக்கத் தண்ணீர். தொடர்பாளர் பக்கத்திலேயே இருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். முடிந்ததும் பேச வேண்டிய வீரரைச் சட்டை மாற்றப் போகும் முன்பே கூட்டி வாருங்கள். தோற்ற கேப்டனையும்.

வானொலிக்கு, ஆட்டம் முடிந்ததும் கைபேசியில் 30 நொடி ஒலிப்பதிவு போதும். காற்றும் கூட்டச் சத்தமும் இல்லாத சுவரோரம் நின்று பேசச் சொல்லுங்கள். தொலைக்காட்சிக்கும் செய்தித் தளங்களுக்கும் கைபேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து, ஒவ்வொரு காட்சியும் பத்து நொடி அசையாமல். பின்னணி இசை, எழுத்து, எஃபெக்ட் எதுவும் சேர்க்காத மூலக் காட்சிதான் அவர்களுக்கு வேண்டும்.

## தப்பாக வந்தால், கெட்ட செய்தி வந்தால்

தப்பு இரண்டு வகை. ஸ்கோர், பெயர், அணி மாறியிருந்தால் அன்று முற்பகலிலேயே மென்மையாகச் சொல்லித் திருத்தம் கேட்கலாம், ஆதாரமாக ஸ்கோர் தாளின் படத்தை இணைத்து. உங்கள் குறிப்பில்தான் பிழை இருந்தது என்றால் முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். 'எங்களை இன்னும் புகழ்ந்திருக்கலாம்', 'தலைப்பு சரியில்லை' என்பவை திருத்தம் கேட்கும் விஷயம் அல்ல. தலைப்பை நிருபர் வைப்பதும் இல்லை, டெஸ்க்தான் வைக்கும்.

மைதானத்தில் அடிதடி, நடுவர் மீது புகார், கடுமையான காயம் என்று ஏதாவது நடந்தால் நிருபரின் போன் எப்படியும் வரும். எடுக்காமல் இருப்பதுதான் மோசமான வழி. அப்போது பார்த்தவர்கள் சொன்னது மட்டும் அச்சாகும். ஒருவர் மட்டும் பேசுங்கள். உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை 'விசாரித்து மாலை ஆறு மணிக்குச் சொல்கிறோம்' என்று சொல்லி, ஆறு மணிக்கு நீங்களே அழையுங்கள். காயமடைந்தவரின் குடும்பத்துக்குத் தெரியும் முன்பு அவர் பெயரைத் தராதீர்கள். வீரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடும் எதுவும் நிருபரின் கைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டே எழுதச் சொல்லுங்கள்.

## வெளிவந்த பிறகு

நிருபருக்கு ஒரு வரி நன்றி. நீட்ட வேண்டாம். இணையத்தில் வந்திருந்தால் முழுப் பக்கத்தையும் படம் பிடித்துப் பரப்புவதற்குப் பதில் இணைப்பைப் பகிருங்கள். அவர்களுக்கு வாசகர் எண்ணிக்கை கூடும், உங்கள் அணியின் செய்தியைப் படிக்கிறார்கள் என்று டெஸ்க்குக்குத் தெரியவும் செய்யும்.

வந்த ஒவ்வொன்றையும் தேதி, இதழ், பக்கம், எத்தனை பத்தி என்று ஒரு தாளில் பதிந்து வெட்டி வையுங்கள். அனுப்பியது எத்தனை, வந்தது எத்தனை, எந்த நாளில் அனுப்பியவை வந்தன என்று சீசன் முடிவில் பார்த்தால் அடுத்த சீசனுக்கு எங்கே உழைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆதரவாளரிடம் போகும்போதும் இந்தத் தாள்தான் பேசும்.

தொடர்பாளர் மாறும்போது மூன்று பொருள்கள் கைமாற வேண்டும்: ஒவ்வொருவரிடமும் எப்போது, எப்படிப் பேச வேண்டும் என்ற குறிப்போடு நிருபர் பட்டியல், அணியின் பெயரிலேயே உள்ள மின்னஞ்சலின் கடவுச்சொல், பெயரிட்டு அடுக்கிய படத் தொகுப்பு. சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பி வந்திருந்தால் அவர் விலகிய வாரத்திலேயே நிருபர்களின் பதில்களும் அவரோடு போய்விடும். அணிக்கென ஒரு முகவரியை முதல் நாளே திறந்துவிடுங்கள்.